கலரை மட்டும் நீ சொல்லு

வயிறு தெரியத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தியிருந்த காரின் அடியில் ஒருவன் நின்று எதையோ திருகிக்கொண்டிருந்தான், கருத்த எண்ணெய் நூலாக இறங்கித் தொட்டியில் விழுந்தது, சர்வீஸ் சென்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரேணுகா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் சக்கர நாற்காலியில் மகள் தாரணி, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் அவளும் அதையேதான் பார்த்தாள். அந்தரத்தில் நிற்கிற இந்த வெள்ளைக் கார் ரேணுகாவுக்காக வாங்கியது, அப்படித்தான் ஊரில் பேச்சு, அவள் புருஷன் சிவசண்முகம் தன் உரக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாய்க்கு வாய் அதைத்தான் சொல்லுவார், ஊட்டுக்காரிக்கு வாங்கிக் குடுத்திருக்கறேன், அவளே ஓட்டிக்கறா என்று. யாருக்காக வாங்கினார்களோ அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், கேட்கவே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும், கேட்டார், கலரை மட்டும் நீ சொல்லு என்று கேட்டார்.

தாரணிக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலமில்லை, பார்க்காத வைத்தியமில்லை, போகாத கோயிலில்லை, பத்தாவது வரை பள்ளிக்கூடம் தெருக்கோடியிலேயே இருந்தது, ரேணுகாவே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்தாள், மேலே படிக்கப் பக்கத்து டவுன் கோபிக்குத்தான் போகவேண்டும், பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஆட்டோவில் போனால் நாற்காலியைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டவேண்டும், வழியெல்லாம் அது கடகடவென்று ஆடும், எங்கே அறுந்து விழுமோ என்று தாரணி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவாள். கார் இருந்தால் படிப்பு, இல்லையென்றால் பெண் வீட்டோடு, இதுதான் கணக்கு. அதற்காகத்தான் ரேணுகா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள், நாற்பதைத் தாண்டிய பிறகு, கிளட்ச்சை விடுங்கக்கா கிளட்ச்சை விடுங்க என்று அந்த மாஸ்டர் மூக்கால் அழுவான், வண்டி குதிரை மாதிரி எகிறி நிற்கும், வாய்க்கால் கரையில் துணி துவைக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவள் மறுநாளும் போய் நிற்கிறாள், அதற்கு மறுநாளும் போய் நிற்கிறாள்.

அதே நாட்களில் வீட்டில் மைலேஜைத் தவிர வேறு பேச்சு இல்லை, சிவசண்முகத்தின் அண்ணன் சென்னியப்பன் சாயங்காலம் ஆனால் வந்துவிடுவார், அண்ணனும் தம்பியும் செல்போனில் தலையை முட்டிக்கொண்டு எது எவ்வளவு கொடுக்கிறது, ஏசி போட்டால் எவ்வளவு, மேட்டில் ஏறினால் எவ்வளவு என்று பார்ப்பார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள். கேஸில் ஓடுவதுதான் லாபம், பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது என்று சென்னியப்பன் முடிவாகச் சொன்னபோது ரேணுகா தோசை வைத்துக்கொண்டிருந்தாள், ஏனுங்க, அது எத்தனை குடுத்தாலும் சரி, டிக்கி மட்டும் பெருசா இருக்கட்டும், நாற்காலி உள்ள போகோணும் என்றாள், சிவசண்முகம் ம் என்றார், இன்னொரு தோசைக்கும் சொன்னாள், அதற்கும் ம். ஷோரூமுக்குப் போன அன்று அண்ணன், அண்ணனுடைய வெளியூர்க் கூட்டாளிகள், பக்கத்துக் கடைக்காரர் என்று ஒரு கும்பலே போனது, ஊரிலிருந்து பெண் பார்க்கப் போகிற மாதிரி வெள்ளை வேட்டியில், அவளை வா என்று பேச்சுக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் போன் வந்தது, பின்னால் ஒரே சிரிப்பும் சத்தமும், எல்லாம் பாத்தாச்சு, கலரை மட்டும் நீ சொல்லு என்றார், டிக்கிங்க என்று ஆரம்பித்தாள், அதெல்லாம் பாத்தாச்சு ரேணு, கலரச் சொல்லு, எல்லாரும் நிக்கறாங்க. வெள்ளை என்றாள்.

வண்டி வந்த அன்று மாரியம்மன் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, அம்மன் குங்குமத்தைக் கண்ணாடியில் அப்பி, அப்படியே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், தாரணியை முன்சீட்டில் உட்கார வைத்தாயிற்று, ரேணுகா ஆசை ஆசையாக நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு பின்னால் போய் டிக்கியைத் திறக்கிறாள், உள்ளே நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறது கேஸ் சிலிண்டர், சுற்றிலும் ஒரு பை வைக்க இடமிருந்தால் அதிகம். கேஸ் வண்டின்னா அப்படித்தான் இருக்கும், நாற்காலியப் பின்சீட்டுல போட்டுக்கலாமே என்றார் சென்னியப்பன், சிவசண்முகம் பளீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார், அட கடவுளே, அத மறந்தே போனனே என்றார். அந்த அடியை அவள் நம்பினாள். நம்பினது மட்டுமா, முகம் சுண்டிப்போய் நிற்கிறாரே மனுஷன் என்று அவளுக்குத்தான் பாவமாகப் போயிற்று, உடுங்க, பின்சீட்டுலயே வச்சுக்கறேன், நாங்க ரெண்டு பேருதான போறோம் என்று அவளே சமாதானம் சொன்னாள், இப்போது நினைத்தால் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு அது சரியாகத்தான் இருந்தது, மகள் முன்னால், நாற்காலி பின்னால், ஆனால் ஒரு விசேஷம் என்றால் பின்சீட்டுக்கு மாமியார் இருக்கிறார், சென்னியப்பனுடைய சம்சாரம் இருக்கிறாள், பவானியில் கல்யாணம், நாற்காலி வெளியே இறங்கிவிட்டது, மண்டபத்துல சேர் இல்லாமயா போவுது, அதுல உக்காந்துக்குவா என்றார் சிவசண்முகம். அப்படியே மண்டபத்துக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்தார், கரும்பச்சைப் பாவாடை தாவணி, தலை நிறைய மல்லிகை, யார் பார்த்தாலும் ஓர் ஓரமாக உட்கார்ந்து கல்யாணம் பார்க்கிற பெண், அவ்வளவுதான், எழுந்து நடக்கமாட்டாள் என்று யாருக்குத் தெரியப்போகிறது, பாத்ரூம் போக வழியில்லை என்று அவள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, பந்தியில் எல்லாரும் போய் உட்கார அவளுக்கு மட்டும் இலைச்சாப்பாடு மடிக்கு வந்தது. போட்டோ எடுக்கிறபோது எல்லாரும் உக்காந்துக்குங்க, உக்காந்தாத்தான் நல்லாருக்கும் என்று சிவசண்முகமே ஓடி ஓடிச் சேர் போட்டார், மகள் ஒருத்தி உட்கார்ந்திருப்பது தனியாகத் தெரியக்கூடாது என்று மனுஷனுக்கு எவ்வளவு யோசனை பார் என்று ரேணுகாவுக்கு அன்றைக்குக் கண் கலங்கியது.

வணக்கங்க மேடம், வண்டி எப்படிப் போவுதுங்க என்று கேட்டுக்கொண்டே சர்வீஸ் சென்டரில் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தவன் நவநீதன், வண்டியை விற்றுக் கொடுத்த பையன், கழுத்தில் டையோடு, அவளை வண்டி எடுத்த அன்று கோயில் வாசலில் பார்த்திருக்கிறான், தாரணியை இன்றைக்குத்தான் பார்க்கிறான், சக்கர நாற்காலியையும் இன்றைக்குத்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பாப்பா உங்க பொண்ணுங்களா மேடம் என்றான், ஆமா என்றாள், அவன் கொஞ்சம் தயங்கினான், இதுக்குத்தான் மேடம் நான் அன்னைக்கே சாரக் கேட்டனுங்க, கேஸ் வண்டின்னா கேக்காம நாங்க புக்கிங்கே போடமாட்டமுங்க, வீல்சேர் வாக்கர் ஏதாச்சும் வெக்கறமாதிரி ஆளுங்க ஊட்டுல இருக்கறாங்களா, இருந்தா பெட்ரோல் வண்டி பாக்கலாம், அதுல டிக்கி பெருசு, டெலிவரியும் அதே நாள்ல தந்தர்றோம்னு ரெண்டு தடவ கேட்டனுங்க. அவர் என்னப்பா சொன்னாரு என்றாள் ரேணுகா, கேட்டிருக்க வேண்டாம், பக்கத்தில் மகள் இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது. கூட வந்தவங்க எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க மேடம், எங்க ஊட்டுல அப்படி யாரும் இல்லைன்னுட்டாருங்க.

மறக்கவில்லை, மறந்திருந்தால் தேவலை, ஞாபகம் இருந்தது, ரெண்டு தடவை ஞாபகப்படுத்தவும் ஓர் ஆள் இருந்தான், அத்தனை பேர் நடுவில் என் மகளால் நடக்க முடியாது என்று ஒரு வாக்கியம் சொல்ல அந்த வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான், பதினாறு வருஷம் அப்பா அப்பா என்று கூப்பிட்டவளை ஒரு வாக்கியத்தில் இல்லையென்று ஆக்கிவிட்டு அதே மூச்சில் போனை எடுத்து ரேணுகாவுக்குப் போட்டிருக்கிறார், கலரை மட்டும் நீ சொல்லு. வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அவள் ஓட்டுகிறாள், கை பாட்டுக்குக் கியரை மாற்றுகிறது, கண்ணுக்குள்ளே பவானி மண்டபம் ஓடுகிறது, பிளாஸ்டிக் சேர்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன, அது மகளுக்காகப் போட்ட சேர் இல்லை, நாற்காலி பின்சீட்டில் இடமில்லாமல் இறங்கவும் இல்லை, அன்று கலங்கிய கண்ணை நினைத்து இப்போது உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பையன் வேற யாரையோ நினைச்சுச் சொல்றான் கண்ணு, தினம் நூறு பேரப் பாக்கறவன் என்றாள், குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது. தாரணி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், இல்லீங்கம்மா, எனக்கு அந்தக் கல்யாணத்தன்னைக்கே தெரியுங்க, உங்களுக்குத் தெரியாதுன்னுதான் சொல்லல.

வண்டி தெருவுக்குள் திரும்பியது. வாசலில் உரக் கம்பெனி ஆட்கள் போலிருக்கிறது, சட்டையை உள்ளே விட்ட ரெண்டு பேர், அவர்களுக்கு நடுவில் சிவசண்முகம் காபி டம்ளரோடு நின்றிருந்தார், காரைக் கண்டதும் டம்ளரை வைத்துவிட்டு இறங்கி ஓடி வந்தார், வெயிலோ மழையோ வீட்டில் இருந்தால் தாரணியை அவர்தான் தூக்கி இறக்குவார், வேறு யாரையும் தொடவிடமாட்டார், எலும்பு நோகாமல் தூக்க அவருக்குத்தான் தெரியும், காய்ச்சல் வந்தால் மடியை விட்டு இறக்கமாட்டார், பாசம் இல்லாத மனுஷன் என்று சொல்லிவிட முடிந்தால்கூட நிம்மதியாக இருக்கும், அதுவும் முடியாது. முன்கதவைத் திறந்து, வா அம்மிணி என்று குனிந்து ரெண்டு கையையும் நீட்டினார். தாரணி கையைத் தூக்கவில்லை. வேண்டாங்கப்பா, நாற்காலிய எடுத்துட்டு வாங்க, நான் அதுலயே வர்றேன் என்றாள், சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் வாசலில் நின்றவர்களுக்குக் கேட்டது. எதுக்குச் சாமி, நாலு எட்டுதான, அப்பன் தூக்கிக்கறேன் என்றார், நாற்காலிங்கப்பா என்றாள் மறுபடியும். நீட்டிய கை நீட்டியபடி இருக்க அவர் தலை மட்டும் மெல்லத் திரும்பியது, வாசலில் நிற்கிற ரெண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தது, அந்தப் பார்வையைத் தாரணியும் பார்த்தாள், ரேணுகாவும் பார்த்தாள். அவர் ரேணுகாவைப் பார்த்தார், நீயாவது இறங்கி எடுத்துக் கொடேன் என்பதுபோல. ரேணுகா பின்கதவின் பூட்டை மட்டும் எடுத்துவிட்டாள், இறங்கவில்லை.