கடைசி ஃபாரம்

பாதிவிலையார் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியும். பதிப்பகங்களில் விற்காமல் தேங்கிக் கிடக்கும் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக மலிவாக வாங்கிவந்து, அட்டையில் போட்டிருக்கும் விலையில் பாதிக்கு விற்பது அவர் பிழைப்பு. சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரர். எது போகும், எது தூங்கும் என்று நாலு பக்கம் புரட்டியே சொல்லிவிடுவார். ஆனால் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டமாட்டார். முடிவை முன்னாலேயே பார்ப்பது பாவம் என்பது அவர் கட்சி. அவர் மனைவி அதற்கு நேர் எதிர். எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே, முடிவைச் சொல்லிவிடுவாள் என்று இவர் காதைப் பொத்திக்கொள்வார்.

கொஞ்ச காலமாகக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவியின் அண்ணனுக்கு டைல்ஸ் கடை இருந்தது. "எதுக்கு மாப்பிள்ளை இந்தத் தூசி? மூடிட்டு வந்து நம்ம கல்லாவில உக்காருங்க" என்று பார்க்கும்போதெல்லாம் கூப்பிடுவார். நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். ஆனாலும் பாதிவிலையாருக்குச் சுருக்கென்று தைக்கும். மனைவி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளுக்கும் அதுதான் ஆசை போலிருக்கிறது என்று இவராக முடிவு கட்டிக்கொண்டார். ஒருநாள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, "அடுத்து வாங்குற சரக்கு போகலேன்னா, நானே வந்து உக்கார்றேன்!" என்று மச்சானிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்தச் சரக்கு ஒரு துப்பறியும் நாவல். பதிப்பகக் கிடங்கில் நின்றபடியே ஒரு பிரதியில் முதல் மூன்று அத்தியாயம் படித்தார். கால் வலித்ததே தெரியவில்லை. இருந்ததை அப்படியே மொத்தமாக வாங்கிவிட்டார். "கட்டுப் பிரிச்சா திரும்ப எடுக்கமாட்டோம், தெரியுமில்ல?" என்றார் கிடங்குக்காரர். "இதைப் போய் யாராவது திருப்பித் தருவாங்களா!" என்று சிரித்தார் இவர்.

மறுநாள் காலையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே கட்டுகளை அறுத்தார். கயிறு அழுத்திப் புத்தகம் கெடாமலிருக்க, ஒவ்வொரு கட்டிலும் மேலேயும் கீழேயும் அச்சடித்த பெரிய தாள்களைத் தடிமனாக வைத்திருந்தார்கள். வாசலில் பழைய பேப்பர்காரர் குரல் கேட்டது. அத்தனை தாளையும் வாரிக் கொடுத்தார். "நல்ல தாளுங்க, கொஞ்சம் குடுங்க" என்று மனைவி ஒரு கை உருவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள், அலமாரியில் விரிக்க.

திரும்பி வந்தவள் வழக்கம்போல ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். "என்னங்க, இதுல முடிவே இல்லையே?"

பாதிவிலையார் முதன்முறையாகக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். 'கொலை செய்தவர் இந்த அறையில்தான் இருக்கிறார் என்று இன்ஸ்பெக்டர்' என்பதோடு நின்றது. அதற்குப் பிறகு பின்னட்டைதான். இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. கட்டுக்கு ஒன்றாக உருவிப் பார்த்தார். எல்லாவற்றிலும் இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

கிடங்குக்காரருக்கு போன் போட்டார். "அதனாலதானே சார் அந்த விலை! பைண்டிங்ல கடைசி ஃபாரத்தை விட்டுட்டாங்க. பதினாறு பக்கமும் ஒரே பெரிய தாள்ல அடிச்சது. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!"

அவ்வளவுதான். ஆள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முடிவில்லாத துப்பறியும் கதையை எந்த மடையன் வாங்குவான்? "அண்ணனுக்குச் சொல்லிடு. நான் வர்றேன்னு" என்றார். அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கூச்சல். "என்னங்க! கொன்னது தையல்காரருங்க!"

"என்னடி உளர்றே?"

அலமாரியில் விரித்த தாளோடு ஓடிவந்தாள். பாதிப் பக்கங்கள் நேராக, பாதி தலைகீழாக, மடிக்காத முழு ஃபாரம். வாயைத் திறந்த இன்ஸ்பெக்டர் அதில் பேசி முடித்திருந்தார். பைண்டிங்கில் விட்டுப்போன தாளைக் கழிவு என்று நினைத்து, எவனோ புண்ணியவான் அந்தக் கட்டுகளுக்கே அண்டை கொடுத்திருக்கிறான்!

"அடக் கடவுளே, பேப்பர்காரர்!"

செருப்புகூடப் போடவில்லை. ஓடினார் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம். இரண்டு தெரு தள்ளி, டீக்கடை வாசலில் வண்டி நின்றது. தாள்கள் கசங்காமல் அப்படியே இருந்தன. பாதிவிலையார் வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"எடுத்துக்குங்க சார். குடுத்த பேப்பருக்கு இப்படி ஓடிவந்த ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் பேப்பர்காரர். வீடுவரை தள்ளிக்கொண்டும் வந்தார்.

எண்ணிப் பார்த்தார்கள். புத்தகத்துக்கு ஒன்று வைத்து, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. பாதிவிலையாருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கண் கலங்கச் சிரித்தார். மனைவிதான் யோசனை சொன்னாள். "மடிச்சு உறையில போட்டு ஒட்டி உள்ள வைப்போம். 'முடிவு தனியாக'ன்னு அட்டையில போட்டுடலாம். கடையிலேயே நின்னு கடைசிப் பக்கத்தைப் பாக்குற என்னை மாதிரி ஆளுங்க வாங்கித்தான் ஆகணும்."

இருவரும் மடிக்க உட்கார்ந்தபோது மச்சான் போன் வந்தது. பாதிவிலையார் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"இல்லண்ணா, அவரு வரமாட்டாரு. எனக்கு அதுல எப்பவுமே இஷ்டம் இல்ல. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது அவரு கையில புத்தகம் இருக்கணும்ணா. டைல்ஸை வச்சு நான் என்ன பண்றது? நீ சும்மாதானே இருக்கே, வா, தாள் மடிக்க ஆள் வேணும்."

பாதிவிலையார் பாதி மடித்த தாளோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"எங்க? நான் முடிவைச் சொல்ல வாயைத் திறந்தாலே நீங்கதான் காதைப் பொத்திக்குவீங்களே" என்றாள் அவள், அடுத்த தாளை எடுத்துக்கொண்டே.