மோந்து பாத்துட்டுப் போ

1

இந்தக் கதை ஒரு விருந்தில் பிறந்தது. ஈப்போவில் மதுவிலக்குச் சங்கம் ஒன்று சிறுகதைப் போட்டி அறிவித்தது. அறிவித்தபோது தலைவரின் முகம் நன்றாகச் சிவந்திருந்தது. (வெயிலாக இருக்கலாம். விருந்து நடந்தது ஏர்கோன் அறையில்.) தலைப்பு: 'திருந்திய உள்ளம்'. விதிகள் மூன்று. கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும். ஆறு பக்கத்துக்கு மிகக்கூடாது. முடிவு நல்ல முடிவாக இருக்க வேண்டும்.

முதல் இரண்டுக்கு நான் உத்தரவாதம்.

எனக்குத் தெரிந்த திருந்திய உள்ளம் ஒன்றே ஒன்றுதான். இருளாயி. ஈப்போவிலிருந்து பதினோரு மைலில், நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்தின் ஆயா. பால் வெட்டப் போகும் பெண்கள் விடியலில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை அவள் பொறுப்பு. (தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். இப்போது அங்கே வீடமைப்புத் திட்டம். வாங்கியவர்கள் நிம்மதியாக இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: 'கிழக்கு வெளுத்தது. ரப்பர் மரங்கள் வெண்கண்ணீர் வடித்தன. அந்த மரங்களைப் போலவே இருளாயியும்—'

அடித்துவிட்டேன். நம் கதைகளில் ரப்பர் மரங்கள் ஐம்பது வருடமாக அழுகின்றன. அழுததற்காக எந்தத் துரையும் ஒரு மரத்துக்கும் லீவு கொடுத்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'இருளாயி சம்சு காய்ச்சினாள், குடித்தாள், விற்றாள்.' நறுக்கென்று இருக்கிறது. ஆனால் யாருக்கு விற்றாள் என்று வாசகர் கேட்பார். அந்த வரிசையில் ஒரு சின்னக் கிராணியும் நிற்பார். ஆகவே—

மூன்றாவது, நடந்தது. எழுபத்தைந்தில் ஒருநாள் காலை சம்சு போதையில் இருளாயி கொட்டகையிலேயே தூங்கிவிட்டாள். பாப்பா என்ற பால்வெட்டுக்காரியின் பதினோரு மாதப் பையன் தவழ்ந்து வெளியே போய்ச் சாக்கடையில் விழுந்தான். யாரோ பார்த்துத் தூக்கினார்கள். பிழைத்தான், நெற்றியில் நான்கு தையல். விசாரிக்க வந்த போலீஸ் கொட்டகைக்குப் பின்னால் சம்சு தகரங்களைக் கண்டது. ஆறு மாதம், தைப்பிங் ஜெயில்.

3

வெளியே வந்தவளுக்குப் புல் வெட்டும் வேலை கொடுத்தார்கள். ஆயா வேலைக்கு வேறொருத்தி வந்தாள். இரண்டு வருடம் கழித்து அவளும் கமுந்திங் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். கொட்டகை பூட்டிக் கிடந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் வெட்ட முடியாது. காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, பெயர் கொடுக்காதவளுக்கு அன்று வேலையில்லை. இருளாயி மானேஜரிடம் போய்ப் பழைய வேலையைக் கேட்டாள். தாய்மார் சம்மதித்தால் சரி என்றார் அவர்.

தாய்மாரின் சம்மதத்தை முடிவுசெய்ய, கமிட்டி என்று ஒன்பது ஆண்கள் கோயிலில் கூடினோம். கமிட்டித் தலைவர், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பத்துமலை, ஒழுக்கம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். தொண்டை வறண்டதால் இடையில் இரண்டு முறை கள்ளுக்கடைப் பக்கம் போய்வந்தார். 'பொது ஒழுக்கம் கருதி ஒத்திவைக்கப்பட்டது' என்று நான்தான் குறிப்பு எழுதினேன். கையெழுத்து தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்தரை. கமிட்டிக்குக் காத்திராமல் கொட்டகைப் படியில் இருளாயி நின்றாள். எதிரே கைக்குழந்தையோடு பாப்பா. இது இரண்டாவது பிள்ளை. பின்னால் பத்தொன்பது தாய்மார். பாப்பா என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தான் நின்றார்கள்.

"வாயத் தொறங்கக்கா" என்றாள் பாப்பா.

இருளாயி திறந்தாள். பாப்பா குனிந்து மூக்கை உள்ளே விடாத குறையாக மோந்தாள்.

"வெத்தல வாசம்தான் வருது. அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளையிலேர்ந்து வெத்தல போடக்கூடாது லா."

வாய் கொப்பளிக்க வைத்து, மறுபடி மோந்து, அதன்பிறகே பிள்ளையைக் கொடுத்தாள். பத்தொன்பது பேரும் வரிசையாக மோந்தார்கள். அன்றிலிருந்து தினமும் இதுதான். (கமிட்டி அதை இன்னும் ஒத்திவைத்திருக்கிறது.)

4

இந்த இடத்தில் கதாநாயகி அழவேண்டும். அழுகைக்காகப் பாதிப் பக்கம் காலியாக விட்டும் பார்த்தேன். உட்காரமாட்டேன் என்கிறது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. 'ஜெயில் உன்னை மாற்றிவிட்டது' என்று ஒருநாள் பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன்.

"சம்ச ஜெயில்காரன்ல விட வச்சான். வெத்தலய நானா விட்டேன், கிராணி. அதச் சொல்லுங்க" என்றாள்.

(போட்டி நடுவர்களுக்கு: வெற்றிலை, மதுவிலக்கில் சேராது என்று எனக்கும் தெரியும்.)

5

நல்ல முடிவு இதோ. ஆறு மாதம் கழிந்தது. ஒருநாள் பாப்பா தாமதமாக வந்தாள். பிள்ளையைக் கையில் திணித்துவிட்டு, மோந்து பார்க்காமல் ஓடினாள். மறுநாள் நான்கு பேர் மோக்கவில்லை. ஒரு வாரத்தில் யாருமே மோக்கவில்லை. 'நம்பிக்கை என்னும் மலர் அந்தக் கொட்டகையில்—'

இதோடு நிறுத்தியிருந்தால் பரிசு எனக்குத்தான். ஆனால் இருளாயி நிறுத்தவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாப்பாவின் பின்னாலேயே ஓடினாள்.

"மோந்து பாத்துட்டுப் போ, பாப்பா."

"போங்கக்கா, உங்கள நம்பாமலா? நேரமாச்சு, வாரேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்கு மோக்காவிட்டால் பொழுது விடியாது போலிருக்கே என்றாள் ஒருத்தி. அன்று மத்தியானம் இருளாயி ஆபீசுக்கு வந்து என் மேசை முன்னால் நின்றாள். பெரட்டில் நான் அறிவிக்க வேண்டுமாம், ஆயாவின் வாயை எல்லோரும் மோந்து பார்த்துத்தான் பிள்ளையை விட வேண்டும் என்று. நான் சிரித்தேன். எல்லோரும் உன்னை நம்புகிறார்கள், சந்தோஷப்படு என்று உபதேசம் செய்தேன்.

"நீங்க நம்புங்க, கிராணி. எனக்கு இன்னும் வரல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆத்தோரத்துல இப்பவும் ஒருத்தன் காய்ச்சுறான். போன வாரம் ஒருநாளு வேல முடிஞ்சு அவன் வாசல் வரைக்கும் போயிட்டேன். காலையில பாப்பா மோப்பாளேன்னு நெனச்சுத்தான் திரும்பி வந்தேன். மறுநா காலையில அவ மோக்கல. இன்னிக்கு வரைக்கும் மோக்கல."

மானேஜர் முன்னால், இருநூறு பேர் நடுவில், 'ஆயாவின் வாயை மோக்கவும்' என்று அறிவிப்பது கிராணி உத்தியோகத்துக்கு அழகா? பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்பது, நான் எழுதிய அந்த 'ஒத்திவைக்கப்பட்டது' குறிப்பின் பேச்சு வடிவம்.

அந்த வாரக் கடைசியில் எனக்கு ஈப்போவில் வேலை கிடைத்தது. போய்விட்டேன்.

6

முடிவு 'அ': பாப்பா திரும்பி வந்து மோந்தாள். முடிவு 'ஆ': இருளாயி ஆற்றோரம் போனாள், மறுநாள் கொட்டகையில்— இல்லை, இதை எழுதமாட்டேன். இருபது பிள்ளைகள்.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். பஸ் ஏறினால் பதினோரு மைல்தான், தெரிந்துகொண்டிருக்கலாம். எட்டு வருடமாக ஏறவில்லை. யாராவது அந்தப் பக்கத்து ஆளைக் கண்டால்கூட மழையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சங்கத் தலைவர் நல்ல முடிவு கேட்கிறார். அதைச் செய்ய வேண்டிய இடத்தில் நான் செய்யவில்லை. காகிதத்தில் செய்ய வெட்கமாக இருக்கிறது. நீங்கள் செய்யுங்கள்.

காலை ஐந்தரை. பெரட்டு மணி அடித்துவிட்டார்கள். உங்கள் தோளில் பிள்ளை தூங்குகிறது. படியில் இருளாயி. ஆறு மாதமாக அவள்மேல் ஒரு குறை கிடையாது. மோந்து பார்ப்பது உங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. அவள் பிள்ளையை வாங்கக் கை நீட்டவில்லை. வாயைத் திறந்தபடி நிற்கிறாள்.

பின்னால் பத்தொன்பது பேர். நீங்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்வார்கள்.