ஏசிக்கு ஒன்றும் ஆகவில்லை

சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபிப்பதை டெல்பர்ட் ஷ்ராம் விட்டுவிட்டார். ஜெபத்தை மனைவி ஆர்டித் சொல்வார். டெல்பர்ட் கண்ணை அகலத் திறந்து, மேசைக்கு எதிர்ச் சுவரில் சிவப்பாக எரியும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஆமென்" என்று ஆர்டித் முடித்ததும் "நூத்திப் பதினாலு" என்பார். அதற்குப் பிறகுதான் கை முள்கரண்டியைத் தொடும்.

அந்த எண், அவர்கள் குடியிருந்த வண்டிவீட்டுக்கு வரும் கரண்டின் வோல்டேஜ். அமெரிக்காவில் அது நூற்றிருபது இருக்க வேண்டும். நூற்று நான்குக்குக் கீழே போனால் கூரைமேல் இருக்கும் ஏசியின் கம்ப்ரசர் முக்கி முக்கிச் சூடேறிச் செத்துப்போகும். போன கோடையில், வண்டிவீடுகளை நிறுத்தும் வேறொரு முகாமில் அப்படித்தான் பழைய ஏசி செத்தது. புதியது வரும்வரை ஆர்டித் அந்த முகாமின் துணி துவைக்கும் அறையில், இருந்த ஒரே குளிர்ச்சியான இடத்தில், மடக்கு நாற்காலியில் படுத்துக் கிடந்தார். யார் யாரோ வந்து அவர் தலைக்குமேல் கைநீட்டி ஜட்டிகளை எடுத்துப் போனார்கள். மூன்றாம் நாள் எழுந்து வந்து கணவனிடம் நிதானமாகச் சொன்னார்: "இன்னொரு தடவை ஏசி போச்சுன்னா நேரா ஒமாஹாதான். வண்டிய வித்துட்டு மேக்சின் வீட்டு பேஸ்மென்ட்ல இருந்துக்கலாம்."

மேக்சின் ஆர்டித்தின் அக்கா. அவர் வீட்டு நிலவறையில் முந்நூறு பீங்கான் பொம்மைகள் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். குளிக்கப் போனால் மேலேயிருந்து மேக்சின் தரையைத் தட்டுவார், தண்ணீரை நிறுத்தச் சொல்லி. நெப்ராஸ்காவில் சொந்த வீட்டை விற்றுவிட்டு, இந்த வண்டிவீட்டை லாரிக்குப் பின்னால் கோத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஊர் ஊராகத் திரிந்தது, கடைசியில் அந்தப் பொம்மைகளுக்கு நடுவில் போய்ப் படுக்கவா?

அதனால் டெல்பர்ட் பெட்டி வாங்கினார். கரண்ட் கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டுகிற மஞ்சள் பெட்டி. சுவரில் எரியும் எண்ணும் அது அனுப்புவதுதான். வோல்டேஜ் இறங்கினால் கரண்டை வெட்டிவிடும். கம்ப்ரசர் மூச்சு வாங்கட்டும் என்று இரண்டு நிமிஷம் பொறுத்து, நிலைமை சரியாயிருந்தால் திரும்பக் கொடுக்கும். அதைச் சங்கிலி போட்டுக் கம்பத்தோடு பூட்டினார். சாவி கழுத்தில் தொங்கியது. கல்யாண மோதிரத்தைக்கூட அவர் குளிக்கும்போது கழற்றி வைப்பதுண்டு.

டெக்சஸில் பீக்கன் பெண்ட் முகாமுக்கு அவர்கள் வந்தது மார்ச்சில். வெயில் ஏறுவதற்குள் வடக்கே கிளம்பிவிடுவதுதான் இப்படி வண்டியில் திரிகிற கூட்டத்தின் வழக்கம். இந்த வருஷம் யாரும் கிளம்பவில்லை. வரிசையின் கோடி வண்டியில் இருந்த ஒலீட்டா என்ற கிழவி, எழுபத்தாறு வயதில், பக்கத்து வண்டி ஹாய்ட்டைக் கட்டிக்கொள்ளப் போகிறார், கல்யாணம் ஜூனில். ஆகவே வரிசை மொத்தமும் ஜூனின் வெயிலில் மாட்டிக்கொண்டு, எல்லா ஏசியையும் முடுக்கிவிட்டது. முகாமின் பழைய கரண்ட் கம்பி அத்தனை பேரையும் எப்படித் தாங்கும்? வோல்டேஜ் இறங்கியது. டெல்பர்ட்டின் பெட்டி வெட்டியது. மற்றவர்களுடைய ஏசி எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த அநியாயத்தை டெல்பர்ட்டால் பொறுக்க முடியவில்லை. வண்டி வண்டியாகப் போய்ப் பிரசங்கம் செய்தார். கருகிப்போன கம்ப்ரசர் சுருள் ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்து மேசைமேல் வைத்து, "மோந்து பாருங்க" என்பார். மோந்து பார்த்தவர்கள் கலங்கிப்போனார்கள். மே முடிவதற்குள் வரிசை முழுக்க ஒரே கம்பெனி மஞ்சள் பெட்டி தொங்கியது. டெல்பர்ட்டுக்கு உச்சி குளிர்ந்தது.

உச்சி மட்டும்தான் குளிர்ந்தது. மதியம் எல்லா ஏசியும் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கும்; எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் 'டக்' என்று வெட்டும். ஒருவரும் இழுக்காததால் வோல்டேஜ் ஜம்மென்று ஏறும். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இரண்டு நிமிஷம் பொறுத்து, ஒரே நேரத்தில் கரண்டைக் கொடுக்கும். எல்லா ஏசியும் ஒன்றாக உறுமும், வோல்டேஜ் விழும், 'டக்'. நாள் முழுக்க இதே கூத்து. வரிசை மொத்தமும் ஒரே ஆள் குறட்டை விடுவதுபோல இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் குளிரவில்லை. ஆனால் ஒருவருடைய ஏசியும் சாகவில்லை என்பதை டெல்பர்ட் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

எதிர் வண்டி பர்ல் டாக்கெட், ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர். "யோவ் டெல்பர்ட்," என்று நாற்காலியிலிருந்தே கத்தினார், "முன்னாடி நீ ஒருத்தன்தான் வெந்துகிட்டிருந்த. இப்ப எங்க எல்லாரையும் சேர்த்து வேக வெச்சுட்ட. நீ பாதிரியாராப் போயிருக்கணும்யா."

முகாம் மேனேஜரிடம் போய்க் கேட்டதற்கு, எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமை வருவார் என்றார். கல்யாணம் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு.

கல்யாண கேக் ஆர்டித்தின் பொறுப்பு. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவர், யாரும் அவரைத் தனக்கென்று ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டதில்லை. ஒலீட்டா கேட்டார். மூன்று அடுக்கு, வெண்ணெய்க் கிரீம் பூச்சு, மேலே சர்க்கரையில் நீலநிறப் பூக்கள். ஒவ்வொரு இதழாகப் பிடித்துக் காயவைக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க ஆர்டித் பாடிக்கொண்டே இருந்ததை டெல்பர்ட் கவனித்தாரா என்றால், அவர் எண்ணைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் கேக் வியர்த்தது. நடு அடுக்கிலிருந்து ஒரு பூ மெல்லச் சறுக்கிக் கீழே வந்தது. வண்டியின் குளிர்பெட்டியில் ஓர் அடுக்குகூட நுழையாது.

"டெல், பொட்டியக் கழட்டு," என்றார் ஆர்டித். "நேரா சொருகு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஓடினாப் போதும்."

"நேராவா? நூத்தி ஒண்ணுல? ஏசி செத்துரும் ஆர்டித்!"

"கேக் செத்துக்கிட்டு இருக்கு."

"ஏசி போனா ஒமாஹான்னு நீதானே சொன்ன?"

ஆர்டித் சறுக்கிய பூவை விரல் நுனியில் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அது திரும்பவும் சறுக்கியது. அதைப் பார்க்க டெல்பர்ட்டுக்கே பாவமாக இருந்தது. "ரெண்டையும் காப்பாத்தறேன், பாரு," என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினார்.

வண்டி வண்டியாகப் போய், ஐந்து மணிவரைக்கும் ஏசியை அணைத்து வையுங்கள் என்று கெஞ்சினார். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "நாங்க தாங்கிப்போம் டெல்பர்ட், நாய் தாங்காதே." பர்லிடம் மூக்குச் சப்பிய நாய் ஒன்று இருந்தது, ஜெனரல் என்று பெயர். வெயில் பட்டால் அது வாழ்க்கையே வேண்டாம் என்பதுபோலப் படுத்துவிடும்.

"நான் மரத்தடில உக்காந்துப்பேன்," என்றார் பர்ல். "ஜெனரல் எங்க போவான்? வேணும்னா ஒண்ணு பண்ணு. ஊர்ல இருக்கற நாயெல்லாம் உன் வண்டில போட்டுப் பூட்டிக்க. ஒரே ஏசி, எல்லாருக்கும் குளுகுளுன்னு இருக்கும்." சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

டெல்பர்ட் சிரிக்கவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பர்ல், நீ பெரிய ஆளுய்யா," என்றார்.

அரை மணியில் பதினொரு நாய்கள் வந்து சேர்ந்தன. ஆர்டித் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "கேக் இருக்கற எடத்துல நாயா? வெயில்ல மூளை உருகிருச்சா உனக்கு?"

"கேக் படுக்கையறைல இருக்கும். மடக்குக் கதவை இழுத்துச் சாத்திருவேன். நாய் எல்லாம் இந்தப் பக்கம்."

ஆர்டித் கேக்கைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், வேறு வழி தெரியவில்லை. "நீ கதவுகிட்டயே உக்காரணும். நான் வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. ஒண்ணுக்கு வந்தாலும் எந்திரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தார். ஆர்டித் உடை மாற்றிக்கொண்டு மணமேடைக்குப் பூ வைக்கப் போனார். வரிசையில் ஒவ்வொரு ஏசியாக அடங்கியது. டெல்பர்ட்டின் ஏசி மட்டும் தனியாக ஓடியது. சுவரில் நூற்றுப் பதினெட்டு, நூற்றிருபது, நூற்று இருபத்தொன்று! இப்படி ஒரு எண்ணை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. படுக்கையறைக் கதவில் முதுகைச் சாய்த்து, ஜெனரலின் தலை மடியில் கிடக்க, குளிர்காற்று மொட்டைத் தலையில் விழ, கண் கலங்கிவிட்டது அவருக்கு. உலகத்தில் எல்லாமே சரியாக இருப்பதாகத் தோன்றியது.

எண் நூற்றுப் பதினாறுக்கு இறங்கியது.

நூற்றுப் பதினாறு எந்த ஏசியையும் கொன்றதில்லை. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் டெல்பர்ட்டுக்கு அது திருட்டு. எவனோ வாக்குக் கொடுத்துவிட்டுக் கள்ளத்தனமாகக் கரண்டை இழுக்கிறான்! இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி ஆரம்பித்தால் என்ன ஆவது? கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஜெனரலின் தலையை மெதுவாகத் தரையில் வைத்தார். "அசையாம இருங்க, இதோ வந்துட்டேன்," என்று பதினொரு நாய்களிடமும் சொல்லிவிட்டு வெளியே ஓடினார்.

கம்பம் கம்பமாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். கோடி வண்டியில் 'உய்ய்ங்' என்று சத்தம். கதவைத் தட்டினார். தலை நிறைய ஈரத்தோடு, கையில் முடி உலர்த்தும் மெஷினோடு, மணப்பெண் ஒலீட்டா எட்டிப் பார்த்தார்.

"ஒலீட்டாம்மா, அத அணைச்சிருங்க. அஞ்சு வோல்ட்டு குடிக்குது."

"கண்ணு, இன்னும் அரை மணில எனக்குக் கல்யாணம்."

"வெயில்ல நில்லுங்க, நல்லாக் காயும். தயவு பண்ணுங்க. கேக்குக்காகத்தான்."

கேக்குக்காக என்றதும் ஒலீட்டா அணைத்துவிட்டார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெள்ளை கவுனோடு படியில் வந்து வெயிலைப் பார்த்து உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மணக்கோலத்தில் மாப்பிள்ளை பார்த்தால் அபசகுனம் என்று ஒரு பயம் வேறு அவருக்கு. ஹாய்ட் அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் துண்டை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டார்.

டெல்பர்ட் வெற்றியோடு திரும்பினார். வண்டி வாசலில் ஆர்டித், கேக்கைத் தூக்க பர்லையும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நீ ஏன் வெளிய இருக்க?" என்றார் ஆர்டித். குரலில் காற்றே இல்லை. டெல்பர்ட் கதவைத் திறந்தார்.

மடக்குக் கதவு தரையில் கிடந்தது. படுக்கைமேல் ஜெனரல் நின்றிருந்தது. சப்பை மூக்கில் ஒரு நீலப் பூ, இதழ் குலையாமல். மற்ற பத்தும் வெள்ளை மீசையோடு திரும்பிப் பார்த்தன. கேக் வைத்திருந்த தட்டைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

டெல்பர்ட்டின் தலை தானாக நிமிர்ந்தது. கூரையில் ஏசியின் வாய் குளுகுளுவென்று காற்றை விட்டுக்கொண்டிருந்தது. பிறகு சுவரைப் பார்த்தார்.

"நூத்தி இருபத்தொண்ணு," என்றார்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. பர்ல் டாக்கெட் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"என்னையும் பாக்கல, கேக்கையும் பாக்கல," என்றார் ஆர்டித். "மேல பாத்த நீ." அழவில்லை, கத்தவில்லை. திரும்பிக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மணப்பெண்ணின் ஈரத்தலையை யாரும் பொருட்படுத்தவில்லை. கேக்குக்குப் பதிலாகச் சோளரொட்டியில் கத்தி வைத்து வெட்டினார்கள். ஒலீட்டா ஆர்டித்தைக் கட்டிக்கொண்டு, "நாய்க்கெல்லாம் இப்படிப்பட்ட கேக்கு யாரு செஞ்சு போடுவா?" என்று சிரிக்கப் பார்த்து, சிரிக்க முடியாமல் விட்டுவிட்டார். டெல்பர்ட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் எல்லோரும் நாய்களை வாங்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பி ஏசியைப் போட்டார்கள். வழக்கம்போல வரிசை உறுமியது. 'டக்' என்று அடங்கியது. ஆர்டித் மேசையில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"மேக்சின், நான்தான். நாளைக்குக் கிளம்பி வரேன்." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "இல்ல, ஏசிக்கு ஒண்ணும் ஆகல. பிரமாதமா இருக்கு. அதனாலதான் வரேன்."

டெல்பர்ட் எழுந்து வெளியே போனார். கழுத்திலிருந்து சாவியை எடுத்துச் சங்கிலியைத் திறந்தார். பெட்டியைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, வண்டியின் கேபிளை நேராகக் கம்பத்தில் சொருகினார்.

"யோவ்! என்னய்யா பண்ற?" என்று பர்ல் எதிர்ப்பக்கம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். நடுத்தெருவில் ஒருவன் வேட்டியை அவிழ்த்ததைப் பார்த்ததுபோல இருந்தது அவர் முகம்.

டெல்பர்ட் உள்ளே வந்து மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார். மற்ற பெட்டிகளின் இரண்டு நிமிஷமும் முடிந்து, வரிசை மறுபடி உறுமியது. விளக்கு மங்கியது. 'டக்', 'டக்' என்று ஊர் முழுக்க அடங்கிய பிறகும் இந்த ஒரு ஏசி மட்டும் விடாமல் ஓடியது.

"நீங்க ரெண்டு பேருமா, நீ மட்டுமா?" என்று போனில் மேக்சின் கேட்பது டெல்பர்ட்டுக்கே கேட்டது. ஆர்டித் வாய் திறக்கப்போனவர், சுவரைப் பார்த்தார். அங்கே எண் இல்லை. கறுத்த கண்ணாடிதான் இருந்தது.

"எவ்வளவு இருக்கு டெல்?"

"தெரியாது."

முப்பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த மனிதர் அப்படி ஒரு பதிலைச் சொன்னதில்லை. ஆர்டித் போனைக் காதிலிருந்து கொஞ்சம் எடுத்தார்.

வரிசை திரும்பவும் உறுமியது. கூரைமேல் ஏசி ஒரு தடவை முனகியது. அப்புறம் நீளமாக, வயிற்றுவலிக்காரன்போல, இன்னொரு தடவை. டெல்பர்ட் மேசையின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, நெற்றியில் வியர்வை பொடிக்க, ஆர்டித்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்டித்தான் மேலே பார்த்தார். "என்ன சத்தம் அது?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார் டெல்பர்ட்.

"மேக்சின்," என்றார் ஆர்டித் போனில், "அப்புறமாப் பேசறேன்."