கூடம் கோணல்தான்

அக்காவும் கூட வருகிறாள் என்று தெரிந்ததுமே சின்னவளுக்குக் கோபம் வரத் தொடங்கிவிட்டது. ஸ்கேட்ஸ் வாங்கப் போவது இவள். காசு இவளுடையது, கால் இவளுடையது. இதில் அக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டால் பதில் கிடையாது. அக்காக்களுக்கு எல்லா இடத்திலும் வேலை உண்டு. அதிலும் இந்த அக்கா கையை வீசிக்கொண்டு வரவில்லை. பரணில் கிடந்த தன்னுடைய பழைய ஸ்கேட்ஸைத் துணிப்பையில் போட்டு, அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஐஸில் சறுக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று ஆர்ப்பாட்டமாகக் கிளம்பிப் போய், குளிர்கிறது என்று ஒரே வாரத்தில் விட்டுவிட்ட ஜோடி அது.

"எதுக்குடி தண்டச் செலவு? பிளேடை மட்டும் சாணை பிடிச்சுக் குடுக்கச் சொல்லுவோம். பெருசா இருந்தா ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ."

இரண்டு சாக்ஸ் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே சின்னவள் வளர்ந்தாள். அக்காவின் பள்ளிக்கூட ஷூ, அக்காவின் மழை பூட்ஸ், அக்கா ஆசையாக வாங்கி மறுநாளே அலுத்துப்போன குதிகால் செருப்பு எல்லாம் வரிசையாக இவள் காலுக்குத்தான் வந்து சேர்ந்தன. நுனியில் பஞ்சு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு சாக்ஸ். பெரிதாக இருக்கிறது என்று முனகினால், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று அம்மா வாயை அடைப்பாள். வளர்ந்து சம்பாதித்துத் தானாகவே செருப்பு வாங்கப் போனபோதும், கடையில் வாய் பழக்கமாக ஏழாம் நம்பர் என்றே கேட்டது. காலைப் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தால்தான் அது செருப்பு என்று அவள் கால் நினைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதே அவளுக்குப் பிழைப்பாகவும் ஆனது. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. யார் என்றே தெரியாத ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்கு உறை செய்வாள். அச்சில் வைத்துப் பார்க்கும்போது மயிரிழை ஆடினாலும் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்வாள். அந்தக் கூடத்தில் அவள் கைக்கு அவ்வளவு மரியாதை.

வீட்டில் அவளுக்கு இருந்த பெயர் வேறு. தடுக்கி. வாசற்படியில் தடுக்குவாள், சமதரையில் தடுக்குவாள், அதனால் தடுக்கி. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஷூ ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமுமாகப் போன கதையை நாலு பேர் கூடினால் இன்றைக்கும் எடுத்துவிடுவார்கள். ஷூதான் கழன்றது என்று அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னபோது, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அக்கா. அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் எந்த ஷூவையும் குற்றம் சொன்னதில்லை. இவள் கையில் கண்ணாடிக் கிண்ணம் கொடுக்கமாட்டார்கள். இவளும் கேட்கமாட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஸ்கேட்டிங் ஆசை எங்கிருந்து வந்தது என்றால், கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருநாள் ஐஸ் தளத்துக்குப் போனார்கள். வாடகை ஸ்கேட்ஸில் ஏழாம் நம்பர் தீர்ந்துவிட்டது. சின்னதுதான் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று ஒரு நீல நிற ஜோடியைத் தள்ளினார்கள். கால் இறுகக் கிடந்தது. விழத்தான் போகிறோம், எதைப் போட்டு விழுந்தால் என்ன என்று இறங்கினாள். முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். பிறகு கம்பியை விட்டாள். ஒரு முழுச் சுற்று, யார் கையும் பிடிக்காமல். ஏதோ அதிசயம் என்று நினைத்தாள். அந்தச் சுற்று இன்னொரு தரம் கிடைக்குமா என்பதுதான் அன்றிலிருந்து ஒரே நினைப்பு.

ஸ்கேட்ஸ் கடையில் நின்ற பெண் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். எந்த நம்பர் என்றாள். சின்னவள் ஏழு என்றாள். அந்தப் பெண் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒரு அளவுப் பலகையைத் தரையில் தள்ளி, குதிகாலை ஒட்டி வைத்து நிற்கச் சொன்னாள். எல்லோரையும் அப்படித்தான் நிற்கச் சொல்வாள் போலிருந்தது.

"அஞ்சரை."

சின்னவள் தப்பாகப் பார்த்திருப்பாய் என்றாள். அடுத்த காலை வைக்கச் சொன்னாள் அந்தப் பெண். அதுவும் ஐந்தரை. கழற்றி வைத்திருந்த ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டா நடக்கறீங்க? தடுக்காது?"

அக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். "அவ எதைப் போட்டாலும் தடுக்குவா. வீட்ல பேரே தடுக்கி."

கடைப் பெண் ஐந்தரையில் ஒரு ஜோடி கொண்டுவந்தாள். ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ். குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கணுக்காலில் கயிற்றை இறுக்கிக் கட்டி, எழுந்து முழங்காலை மடக்கச் சொன்னாள். விரல் நுனி முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. குதிகால் அசையவில்லை. அச்சில் உட்கார்ந்த பல் உறை போல இருந்தது. ரப்பர் விரிப்பின் மேல் கத்தி முனையில் நின்றுகொண்டு, ஓட்டப்பந்தயம், உடைந்த கிண்ணங்கள், கல்யாண வீடுகளில் ஓரமாக உட்காரவைத்த நாற்காலிகள் எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாக நினைத்தாள். அதிசயமாவது மண்ணாங்கட்டியாவது. அன்றைக்கு அளவு சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா அனிச்சையாகக் கையை நீட்டினாள். "பாத்துடி, விழுந்துடப் போற. இவ்ளோ இறுக்கமா வாங்காத. என்னோடதைப் போட்டுப் பாரு, தாராளமா இருக்கும்."

"கையை எடு."

அக்கா கையை எடுக்காமல் விழித்தாள்.

"உன் பையன் பொறந்தப்ப நான் எத்தனை தடவை கேட்டேன்? உக்காந்து வாங்கிக்கோ, நின்னா கீழ போட்டுடுவன்னு சொன்னே. ஒரு தடவைகூட அவனைத் தூக்கிக்கிட்டு நாலு அடி நடக்க விடலை நீ."

கடைப் பெண் மெல்வதை நிறுத்தினாள்.

"ஷூதான் காரணம்னு எனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் அக்கா. "நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். கூடம் கோணல்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க."

அந்தக் குழந்தைக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. சித்தியைவிட ஒரு தலை உயரம். இனி எந்தக் கடையிலும் அந்த நாலு அடியை வாங்க முடியாது. அக்காவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். துணிப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கொடுத்ததெல்லாம் பிரியமாகத்தான் கொடுத்தாள். அதை நினைத்தபோது சின்னவளுக்குக் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. வேண்டுமென்று செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஐந்தரையை வாங்கிக்கொண்டாள். ஸ்கேட்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்த பிறகு, போட்டுக்கொண்டு வெளியே போக அந்த ஏழாம் நம்பர் ஷூதான் இருந்தது. அதுவும் அக்கா போட்டுக் கழித்தது. போட்டுக்கொண்டு நடந்தாள். வாசலில் குதிகால் நழுவி, நுனி மடங்கி, கடைக் கதவின் மேல் போய் விழுந்தாள். பெட்டி கையில் பத்திரமாக இருந்தது.

அக்கா சிரிக்கவில்லை.

சின்னவள் அப்படியே குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றினாள். அக்கா பிடித்திருந்த துணிப்பைக்குள், பழைய ஸ்கேட்ஸின் மேலேயே திணித்தாள்.

"இதையும் நீயே வெச்சுக்கோ."

எதிர்ப்பக்கத்தில் ஒரு சாதாரணச் செருப்புக் கடை திறந்திருந்தது. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெறும் சாக்ஸோடு ஈரத் தெருவில் இறங்கினாள். தெரு குண்டும் குழியுமாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை அவள் எங்கும் தடுக்கவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவும், பாத்துப் போ என்று சொல்லவில்லை.