நோலீன் பூட்டிய கடைசி இன்ஜின்

க்ளைவ் கறுப்புக் கோட்டைக் கழற்றி லேத்தின் கைப்பிடியில் மாட்டினார். டையின் நுனியைச் சட்டைப் பொத்தான்களுக்கு இடையே செருகிக்கொண்டார். சிலிண்டர் தலையின் முதல் நட்டில் ஸ்பேனரைப் பொருத்தியவர், திருப்பாமல் நின்றார்.

"கெர்ரின், இன்னொரு தடவை சொல்லிடு. திறக்கவா?"

"திறங்க."

"உங்கம்மா பெட்டிக்குள்ளேருந்து எழுந்து வந்தான்னா முதல்ல என் கையத்தான் ஒடிப்பா. அப்புறம்தான் உனக்கு."

"எழுந்து வரட்டும். ரெண்டு பேரும் சந்தோஷமா ஒடிச்சுக்கலாம்."

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. நட்டு கிரீச்சிட்டு இளகியது.

இன்னும் சற்று நேரத்தில், முற்பகலில், எவாண்டேல் ஊர்த் தேவாலயத்தில் ஆராதனை, அதன்பின் அடக்கம். பந்தயக் கிளப்பில் யார் இறந்தாலும் அவருடைய வண்டியைக் குழியருகே நிறுத்தி, ஒரே ஒரு முறை முழு வேகத்துக்கு முறுக்கி அணைத்த பிறகுதான் மண் தள்ளுவார்கள். கெர்ரினின் அம்மா நோலீனும் அதைக் கேட்டுத்தான் வைத்திருந்தாள். "பாதிரி சுருக்கமாப் பேசட்டும். மிச்சத்த வண்டி பேசிக்கும்."

பேச வேண்டிய வண்டி இந்தப் பழைய புல்டாகோ பந்தய மோட்டார்சைக்கிள். ஒற்றைச் சிலிண்டர், இருநூற்றைம்பது சிசி. குளிர்காலம் முழுவதும் நோலீன் அதைப் பிரித்து மறுபடி உருவாக்கியிருந்தாள். கிராங்கைத் தாமிரச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினாள். புதுப் பிஸ்டன் போட்டாள். சிலிண்டருக்குள் காற்று நுழையும் துளைகளின் ஓரங்களை நாள்கணக்கில் இழைத்தாள். புற்றுநோய் மருந்து அதற்குள் அவளுடைய விரல்நுனிகளை மரக்கச் செய்திருந்தது. உதவிக்குப் போன மகளை, "ஓட்டுறவ ஓட்டினாப் போதும்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். வேலை முடிந்த வாரமே மருத்துவமனைக்குப் போனாள். இன்ஜினை இதுவரை யாரும் உயிர்ப்பித்துப் பார்க்கவில்லை.

இன்று காலை மருத்துவமனைப் பையைப் பிரித்தபோது, அம்மா கடைசியாக அணிந்திருந்த கம்பளிச் சட்டை கெர்ரினின் கைக்கு வந்தது. பொத்தான்கள் அனைத்தும் ஒரு துளை தள்ளிப் போடப்பட்டிருந்தன. அம்மாவின் விரல்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கெர்ரின் அந்தச் சட்டையை மடியில் வைத்தபடியே க்ளைவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

அழைத்த கணத்திலிருந்தே அது துரோகமாக உறுத்தியது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் வேகத்தில் ஜாம் ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவரைத் தூக்கி எறியும். அதனால்தான், சக்கரத்தை நொடியில் விடுவிக்க, ஓட்டுகிறவர்கள் எப்போதும் இரண்டு விரல்களைக் கிளட்ச்சின் மேலேயே வைத்திருப்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கெர்ரினும் வைத்திருந்தாள். அந்த விரல்களுக்கு ஒருநாளும் வேலை வந்ததில்லை. மழையில் விழுந்திருக்கிறாள், வளைவில் பேராசைப்பட்டு விழுந்திருக்கிறாள்; அம்மா பூட்டிய எந்த இன்ஜினும் அவளைக் கீழே தள்ளியதில்லை. ஒவ்வொரு பந்தயம் முடிந்தும் அதற்கு நன்றி சொல்ல வேண்டுமென்று தோன்றும். வந்து, "பசிக்குதும்மா" என்பாள்.

க்ளைவைத் தவிர வேறு யாரை அழைப்பது? இந்த இன்ஜினின் குணம் அறிந்தவர் தாஸ்மேனியாவில் வேறு எவரும் உயிரோடு இல்லை. நோலீனின் இன்ஜின்களுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகள் இரண்டாவதாக வந்ததும் க்ளைவின் இன்ஜின்கள்தாம். பிழை ஒன்று இருந்து, அது அவர் கண்ணில் பட்டால், கல்லறையில் இன்ஜின் ஜாம் ஆகாமல் தப்பலாம். நோலீனின் பெயர் தப்புமா? அடக்கம் முடிந்து தேநீர் ஆறுவதற்குள் கிளப் முழுவதும் பரவிவிடும்.

சிலிண்டர் தலை கழன்று வந்தது. க்ளைவ் டார்ச்சை அடித்துச் சிலிண்டருக்குள் குனிந்தார்.

"அடேயப்பா. இங்க வந்து பாரு. கிழவி எப்படி இழைச்சிருக்கா பாரு. நான் சாகிற வரைக்கும் உட்கார்ந்து தேய்ச்சாலும் இந்த வழவழப்பு வராது." பிறகு நிமிராமலே சொன்னார்: "போய் டீ போட்டுக் கொண்டா. பால் நிறைய."

சமையலறைச் சன்னல் ஷெட்டைப் பார்த்தபடி இருந்தது. கெர்ரின் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

க்ளைவ் சிலிண்டரை இரு கைகளாலும் மெல்ல மேலே உருவி எடுத்தார். வெளிப்பட்ட பிஸ்டனின் இடப்பக்கம் குனிந்து பார்த்தார், தலையசைத்துக்கொண்டார். சுற்றி வந்து வலப்பக்கம் குனிந்தார். அங்கே நெடுநேரம் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு தம் பெட்டியிலிருந்து காந்தமுனைக் கம்பியை எடுத்துக் கிராங்க் அறைக்குள் இறக்கித் துழாவினார். கம்பி வெளியே வந்தபோது அதன் நுனியில் ஏதோ மினுங்கியது. நகத்தளவுகூட இல்லாத ஒரு வளையம்.

கெர்ரினுக்கு அது என்னவென்று தெரியும். பிஸ்டனைக் கோத்திருக்கும் இரும்புப் பின்னை நகராமல் பிடித்திருக்கும் லாக். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அது இல்லாவிட்டால் அந்தப் பின் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கிழித்துவிடும். முழு வேகத்தில் பத்து நொடிகூடத் தாங்காது. மரத்த விரல்கள் அதை அழுத்தியிருக்கும். உட்கார்ந்துவிட்டது என்று நம்பியிருக்கும்.

க்ளைவ் வீட்டுப் பக்கம் திரும்பினார். அவள் சன்னலிலிருந்து விலகிக்கொண்டாள். மறுபடி பார்த்தபோது, அவர் அந்த வளையத்தைத் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து புதிது ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார், ஊசிமுனையால் நெம்பிச் சோதித்தார், மீண்டும் சோதித்தார். அவள் பின்னால் கெட்டில் கூவிக்கொண்டே இருந்தது.

தேநீரோடு அவள் வந்தபோது சிலிண்டர் மறுபடி இறங்கிவிட்டிருந்தது. க்ளைவ் சிலிண்டர் தலையின் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? என் சட்டையில எண்ணெய் ஆனதுதான் மிச்சம். ஒரு குறை கிடையாது."

"ரெண்டு பக்கமும் பாத்தீங்களா?"

க்ளைவ் ஸ்பேனரை அடுத்த நட்டுக்கு மாற்றினார். "ரெண்டு பக்கமும் பாத்தேன்." கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை போடலையே."

"நீங்க போட்டுக்க மாட்டீங்களே."

"இன்னைக்குப் போட்டுக்கலாம்னு பாத்தேன்."

அவள் போய்ச் சர்க்கரைக் குடுவையை எடுத்து வந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் குளிர்காற்று அடித்தது. பெட்டி குழிக்குள் இறங்கிவிட்டிருந்தது; புல்டாகோ சற்றுத் தள்ளி நின்றது. க்ளைவின் சட்டைக் கைநுனியில் எண்ணெய்க் கறையைக் கண்டதும் கிளப் செயலாளர் ரெக்ஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அட, நோலீன் இன்ஜினைத் திறந்தியா நீ? கண்டவன் கைபடக் கூடாதுன்னு அவ ஷெட்டுக்கு ரெண்டு பூட்டுப் போட்டிருந்தாளே!"

"அவ பொண்ணு கூப்பிட்டா, போனேன்."

"சரி சரி. முப்பது வருஷமாத் தேடினியே, ஏதாவது தப்பு கிடைச்சுதா? சொல்லுய்யா, செத்தவளுக்குக் கேக்காது."

சுற்றியிருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். க்ளைவ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார்.

"நல்லாத் தேடிப் பாத்தேன் ரெக்ஸ். கிடைக்கல. அவ என்னைக்கு நமக்கு அப்படி ஒண்ணை விட்டு வச்சிருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்கள். கெர்ரின் வண்டியின் பின்னால் போய், இருக்கையில் கைவைத்தாள்.

"க்ளைவ், நீங்க பிடிங்க. நான் தள்ளுறேன்."

"நானா? அது உன் உரிமை புள்ள."

"சொந்தக்காரங்கதான் முறுக்கணும், அதான் முறை" என்றார் ரெக்ஸ்.

"முறை எனக்குத் தெரியும் ரெக்ஸ். வந்து தள்ளுங்க."

க்ளைவ் அவளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. அவர் முன்வந்து கைப்பிடியைப் பற்றினார்.

நாலு எட்டில் இன்ஜின் பற்றிக்கொண்டது. பந்தய வண்டிகளுக்கே உரிய விளக்கெண்ணெய் மணக்கும் நீலப்புகை மலர்வளையங்களின் மேல் படர்ந்தது. வண்டியைத் திருப்பிக் குழியருகே நிறுத்தினார்கள். "முறுக்குங்க! முறுக்குங்க!" என்று பின்வரிசை கத்தியது. க்ளைவ் தலையை ஆட்டி மறுத்தார். சிலிண்டர் சூடேறுமுன் முறுக்கினால் பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும். வலக்கையால் இன்ஜினை மெல்லிய ஓட்டத்தில் ஓடவிட்டு, இடக்கையைச் சிலிண்டரின் வெளித்தகடுகள்மேல் பதித்துக் காத்திருந்தார். பாதிரியார் வேதாகமத்தை மூடினார். கூட்டம் அடங்கியது.

கெர்ரின் கையுறையைக் கழற்றினாள். குனிந்து, சிலிண்டரின் மறுபக்கத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். உலோகம் இன்னும் குளிர்ந்தே இருந்தது; சீராக அதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றார் க்ளைவ்.

"இருக்கட்டும். அவசரமில்ல" என்றாள் அவள்.

மெல்ல, மிக மெல்ல, விரல்களின் அடியில் சூடு ஏறத் தொடங்கியது.