டாக்டர் சொன்ன இழுவை

தம்பியின் பிக்கப்பைத் தன் வண்டியோடு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து மச்சானின் பட்டறை வாசலில் நிறுத்தியபோது, டாக்டருக்குக் கவலையைவிட எரிச்சல்தான் அதிகம். ஆயில் பார்ப்பதில் கோட்டை விட்டிருப்பான், வேறென்ன. டாக்டர் என்பது கல் உடைக்கும் கிரஷரில் லோடு ஏற்றும் ஓட்டுநர்கள் வைத்த பட்டப்பெயர். பானெட்டைத் திறக்காமல், நின்ற இடத்திலிருந்தே காதைக் கொடுத்து, இன்ன வண்டிக்கு இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பாதி நாள் அது சரியாக இருக்கும். மீதி நாள் சரியாகத்தான் இருந்தது என்று அவரே சாதித்துவிடுவார். தம்பி பின்னால் தன் வண்டியிலிருந்து இறங்கி, கதவைக்கூடச் சாத்தாமல் நின்றான். கல்பொடி மூட்டைகள் அப்படியே ஏறியிருந்தன.

மெக்கானிக், அதாவது டாக்டருடைய மனைவியின் அண்ணன், பேச்சே கொடுக்காமல் வேலையை ஆரம்பித்தார். இன்ஜினுக்குக் காற்று போகும் வெள்ளிக் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரல் சாம்பல் நிறத்தில் வந்தது. கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தபோது நறநறவென்றது. பிறகு காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் வாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே இருந்த சின்ன விசிறியின் இதழ்கள் எலி கடித்த ரொட்டி மாதிரி ஓரமெல்லாம் கரைந்திருந்தன.

"மண்ணக் குடிச்சிருக்கு மாப்ள. சிலிண்டர் வரைக்கும் போயிருச்சு. இன்ஜின் அவ்வளவுதான்" என்றார்.

தம்பிக்கு அந்த வண்டிதான் எல்லாம். குடோனில் மாதச் சம்பளத்தில் இருந்தவனை, எத்தனை நாளைக்குடா இன்னொருத்தன்கிட்ட கைகட்டி நிற்பாய் என்று இழுத்துவந்து பிக்கப் வாங்க வைத்ததே டாக்டர்தான். வண்டி வந்ததும், இதில் இப்படியொரு ஃபில்டர் போடு என்று சொன்னதும் அவர்தான். அக்சஸரீஸ் கடையில் விற்கும் சிவப்புக் கூம்பு, பளபளவென்று ஒரு குழாய். கம்பெனி கொடுத்த கறுப்பு ஃபில்டர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை மாட்டினால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும் என்று கடைக்காரன் சொன்னான். டாக்டருக்குக் கடைக்காரன் சொல்லவே வேண்டியதில்லை. அதற்கு முன்பே, மச்சானை விட்டுத் தன் வண்டியில் மாட்டிய மறுநாளே, கிரஷருக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஃபுல் லோடோடு மூன்றாவது கியரில் ஏறினார். எத்தனை வருடமாகவோ இரண்டாவதில் முக்கி முனகி ஏறிய மேடு அது. அன்றைக்கு அவர் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். அதற்கப்புறம் அந்த மேட்டுக் கதையைக் கேட்காத ஓட்டுநர் கிரஷரில் கிடையாது.

ஆகவே இப்போது அவர் ஒத்துக்கொள்வதாக இல்லை. அதே ஃபில்டர், அதே கடை, அதே ரோட்டுப் புழுதி. தன் வண்டி தும்மல்கூடப் போடாமல் ஓடுகிறது, இவன் வண்டி மட்டும் எப்படிப் படுக்கும் என்று குரலை உயர்த்தினார். தம்பி கிளட்சைப் போட்டு மிதிக்கிறான், ஆயில் மட்டம் குச்சியை எடுத்தே பார்ப்பதில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். தம்பி குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில், வேண்டுமானால் என் வண்டியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"வேணாம் மாப்ள. விடுங்க" என்றார் மெக்கானிக்.

அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் டாக்டருக்குத் தெம்பைத்தான் கொடுத்தது. தோற்கப்போகிறவன் அப்படித்தான் பேசுவான். பானெட்டைத் தூக்கினார். சிவப்புக் கூம்பு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதன் குழாய் பழைய கறுப்பு டப்பாவுக்குள் போயிற்று. டப்பா காலிதான், குழாய் ஆடாமலிருக்க முட்டுக்கொடுக்கிறது என்று மாட்டிய அன்றே மச்சான் சொல்லியிருந்தார். டாக்டர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. காதால் வைத்தியம் பார்ப்பவருக்கு எதற்குத் திறப்பது? இப்போது கிளிப்புகளை நெம்பி மூடியைத் தூக்கினார்.

உள்ளே கம்பெனியின் காகித ஃபில்டர் இருந்தது. மடிப்பு மடிப்பாக, முகப்பெல்லாம் புழுதி அப்பி, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. வெளியே எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

டாக்டர் குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார். முதலில் வேறு யாருடைய வண்டியையோ திறந்துவிட்டோம் என்றுகூட நினைத்தார். மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்று, கீழே பார்த்தபடி சொன்னார். அந்தக் கூம்பை மட்டும் நம்பினால் கிரஷர் புழுதிக்கு வண்டி தாங்காது என்று அவருக்குத் தெரியும். எடுத்துச் சொன்னபோது, நான் முன்னுக்கு வருவது உமக்குப் பொறுக்கவில்லை என்று டாக்டர் எகிறியிருந்தார். அதனால் கூம்பை டப்பாவுக்கு முன்னால் சும்மா சொருகிவிட்டு, அடைத்துக்கிடந்த பழைய காகிதத்தை எடுத்துப் புதிதாக ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். ஒவ்வொரு சர்வீசுக்கும் மாற்றியும் வந்தார். மேட்டில் ஏற்றியது அந்தப் புதுக் காகிதம்தான்.

"தங்கச்சிக்குத் தெரியும். அவதான் சொன்னா, அவரு ஆசைப்பட்ட மாதிரியே இருக்கட்டும்ணே, வண்டிக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கன்னு."

வீட்டில் சாப்பிடும்போது எத்தனை தடவை அந்த மேட்டை ஏறிக் காட்டியிருக்கிறார். மனைவி பரிமாறுவதை நிறுத்திவிட்டு, அப்படியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நினைத்ததும் டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுத்து உட்கார வைத்த மாதிரி, வீடே சேர்ந்து தன்னை உட்கார வைத்திருக்கிறது.

"இவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றார்.

"சொன்னேன். கடையில மாட்டிட்டு வந்தப்பவே, கழட்டிருன்னேன். உங்க வண்டிக்குள்ள காகிதம் இருக்கறத மட்டும் சொல்லல. அண்ணன் சொன்னா எனக்கு அது போதும்னுட்டான்."

டாக்டர் அப்போதுதான் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைப் பிடித்திருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவன் அண்ணன் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் தெரிஞ்சுதேண்ணே" என்றான். "அந்த மேட்டுல... மாட்டுன அன்னைக்கே எனக்கும் இழுவை தெரிஞ்சுது. என்னோடது புது வண்டி, அடைச்ச காகிதம்கூட இல்ல. அப்ப எனக்குத் தெரிஞ்சது என்னது?"

டாக்டர் காகிதத்தை டப்பாவுக்குள் திரும்ப வைத்து மூடினார். எந்த வண்டியைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருந்த மனிதர் அவர். ஆனால் தான் சொன்னதை நம்பியதால்தான் இல்லாத இழுவை அவனுக்குத் தெரிந்தது என்பதை எப்படிச் சொல்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

தம்பி பதிலுக்காக ரொம்ப நேரம் நிற்கவில்லை. லோடு இறங்க வேண்டிய இடத்தில் கொத்தனார்கள் காத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு முறை போன் வந்துவிட்டது. தன் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டான். லோடை மாற்ற, அண்ணன் வண்டியின் பின்கதவையும் அவனே திறந்தான். முதல் மூட்டையை விளிம்புவரை இழுத்துவந்து, அதன் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, மறுமுனை இன்னொரு ஆளுக்காக மரப்பலகையில் கிடக்க, அப்படியே நின்றான். கூப்பிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மூட்டையின் தையலிலிருந்து கல்பொடி மெல்லிய இழையாக அவன் கால்மீது கொட்டிக்கொண்டிருந்தது.