பழைய பைத்தானுக்குச் சிவப்பு அட்டை

ஒரகடத்தில் பிரேக் குழாய் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் லேபிள் அச்சிடும் கம்ப்யூட்டர் நின்றதும், சூபர்வைசர் பகலவன் முதலில் செய்த காரியம் ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டதுதான்: ‘ஷாலின் ஸ்கிரிப்டால் லைன் நின்றுவிட்டது.’ மேனேஜர் நடேசனும் அந்தக் குழுவில் இருக்கிறார். கான்ட்ராக்ட்டில் இருக்கும் ஷாலினை நிரந்தரமாக்குவதா என்று இந்த வாரம் முடிவு செய்யப்போவது அவர்தான்.

ஷாலினுக்குக் காதெல்லாம் சூடேறியது. கேன்டீன் தட்டை அப்படியே வைத்துவிட்டு, பகலவன் நின்றிருந்த லைனுக்கு வந்தாள்.

அவள் எழுதியது கம்ப்யூட்டருக்குக் கட்டளை சொல்லும் இரண்டு சின்ன பேட்ச் கோப்புகள். லேபிள் புரோகிராம் பைத்தான் என்ற கணினி மொழியின் பழைய இரண்டாம் பதிப்பில்தான் ஓடும். புதிய கேமரா புரோகிராமுக்கு மூன்றாம் பதிப்பு வேண்டும். வெறுமனே ‘பைத்தான்’ என்று அழைத்தால், கம்ப்யூட்டர் தேடும் பாதையில் முதலில் அகப்படுவது எதுவோ அது ஓடிவரும். அதனால் ஒவ்வொரு கோப்பிலும் ஒரே வரி: இந்த ஃபோல்டரில் இருக்கும் பைத்தானையே கூப்பிடு, நான் சொல்லும் மற்றதை அப்படியே அதனிடம் கொடு. ‘பை2’ என்றால் பழையது, ‘பை3’ என்றால் புதியது. மாதக்கணக்கில் இரண்டும் சண்டையில்லாமல் ஓடின.

இப்போது பை2 காட்டிய இடத்தில் ஃபோல்டரே இல்லை.

“சார், பழைய பைத்தான் எங்க?”

“நாளைக்கு ஆடிட்மா. வேணாத சாமானுக்கு செவப்பு அட்டை கட்டி எடுக்கணும்ல? ரேக்குல எடுத்தோம், டேபிள்ல எடுத்தோம், சிஸ்டத்துலயும் எடுத்தேன். ஒரே பேர்ல ரெண்டு கீது. பழச தூக்கிட்டேன்.”

லேபிள் ஒட்டும் பாண்டிச்செல்வி தேனிக்காரி. தலையைத் திருப்பாமலே சொன்னாள்: “நல்லவேள, லைன்ல ரெண்டு செல்வி இருக்கோம். எங்க கழுத்துல அட்டய மாட்டாம விட்டாக.”

“நீ வேலயப் பாரு. ஷாலின், நின்னது உன் ஸ்கிரிப்ட்டுதானே? சீக்கிரம் சரிபண்ணி வுடும்மா.”

“வூட்ட இடிச்சிட்டு, அட்ரஸ் எழுதினவ மேல பழி போடுறீங்களா சார்?”

பழைய பைத்தானை மறுபடி ஏற்றும் இன்ஸ்டாலர் சர்வரில் இருந்தது; சின்ன வேலைதான். ஷாலின் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“குரூப்ல போட்டத மாத்துங்க.”

“லைன் ஓடட்டும், அப்பறம் பாக்கலாம்.”

“அப்பறம் யாரும் படிக்க மாட்டாங்க. இப்பவே போடுங்க.”

லேபிள் இல்லாத பெட்டிகள் லைன் ஓரத்தில் தேங்கிக் கிடந்தன. பகலவன் அவற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு போனைக் கட்டைவிரலால் குத்தினார். ‘பழைய சாஃப்ட்வேரை நான்தான் தவறுதலாக எடுத்துவிட்டேன். ஷாலின் சரிசெய்கிறார்.’

உடனே அதன் கீழே நடேசனின் கேள்வி வந்தது: ‘யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?’

“இப்ப சந்தோஷமா?” என்றார் பகலவன்.

ஷாலின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து இன்ஸ்டாலரை ஓடவிட்டாள். கோபம் இறங்கவில்லை, ஆனாலும் விளக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. “எந்த ஃபோல்டர்ல போடணும்னு கேக்குது, பாத்துக்கோங்க சார். அதே எடம், அதே பேரு. அப்பதான் பை2 போய்க் கூப்பிட்டா ஆள் இருக்கும்.”